பழைய எஸ்எம்பிஎஸ், புது மதர்போர்டு: மாட்டலாமா?

கேள்வி: சார், புதுக்கோட்டையில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆல்பம் டிசைனுக்காக 2011-ல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் (கோர் 2 டூயோ இ7500, ஜி41 போர்டு) இப்போது ரொம்பவே திணறுகிறது. அதனால் எச்610 மதர்போர்டு, ஐ5-12400 பிராசஸர், 16 ஜிபி ரேம், எம்.2 எஸ்எஸ்டி ஒன்று வாங்கிவிட்டேன். கேபினெட், எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி), 1 டிபி ஹார்ட் டிஸ்க் மூன்றும் பழையதே இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் புது போர்டில் பிராசஸருக்குப் பக்கத்தில் 8 பின் சாக்கெட் இருக்கிறது. என் எஸ்எம்பிஎஸ்ஸில் 4 பின்தான். "பின் மேட்ச் ஆகாது, புதுசு வாங்கித்தான் ஆகணும்" என்கிறார் கடைக்காரர். டிப்ளமா படிக்கும் என் தங்கை மகனோ, "4 பின்னையே மாட்டுங்க மாமா, ஓடும். 450 வாட் தாராளம்" என்கிறான். பிறகு ஒரு கிராபிக்ஸ் கார்டு போடும் யோசனையும் உண்டு. யூபிஎஸ் இருந்தும், கரண்ட் போனால் சில நேரம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக்கும் அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் லேபிளின் படத்தை இணைத்திருக்கிறேன். இரண்டு பேரில் யார் சொல்வது சரி?

— வாசகர், புதுக்கோட்டை

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த எஸ்எம்பிஎஸ்ஸைப் புது போர்டில் மாட்டாதீர்கள். ஆனால் அதற்குக் காரணம் கடைக்காரர் சொன்ன பின் கணக்கு அல்ல. பின் விஷயத்தில் உங்கள் மருமகன் சொன்னதுதான் சரி. அவர் கோட்டை விட்டது அந்த "450 வாட்"டில். இருவருமே கேட்காமல் விட்ட இன்னொன்று, அந்தப் பெட்டியின் வயது.

பின்னிலிருந்தே தொடங்குகிறேன். 4 பின் கனெக்டரில் இரண்டு மஞ்சள் வயர், இரண்டு கறுப்பு வயர். மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். 8 பின் என்பது இதே ஏற்பாட்டின் இரட்டிப்பு: நான்கு மஞ்சள், நான்கு கறுப்பு. பெரும்பாலான போர்டுகளில் அந்த நான்கு 12 வோல்ட் பின்களும் உள்ளே ஒன்றாகவே இணைந்திருக்கும். அதனால் 4 பின்னைச் சாக்கெட்டின் ஒரு பாதியில் செருகினாலும் பிராசஸருக்கு மின்சாரம் போய்ச் சேரும். எவ்வளவு போகும் என்பதுதான் கேள்வி. ஐ5-12400-க்கு இன்டெல் குறித்திருக்கும் அடிப்படை அளவு 65 வாட், டர்போ வேகத்தில் அதிகபட்சம் 117 வாட். போர்டில் உள்ள மின்மாற்றுப் பகுதி, அதாவது விஆர்எம், கொஞ்சம் சூடாக வீணடிக்கும். அதையும் சேர்த்து 130 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது சுமார் 11 ஆம்பியர். இரண்டு மஞ்சள் வயருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஐந்தரை. அந்த வகைப் பின் இதைத் தாங்கும். இதே சாக்கெட்டில் 241 வாட் வரை இழுக்கும் ஐ9-12900கே உட்கார்ந்தால் 20 ஆம்பியருக்கு மேல் போகும். அப்போது 4 பின் கனெக்டர் சூடேறிப் பிளாஸ்டிக் கருகும். அதையெல்லாம் மனதில் வைத்துத்தான் போர்டில் 8 பின் வைக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்ல வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்கு வரும் கனெக்டரிலும் 8 பின் உண்டு. பார்வைக்கு பிராசஸர் கனெக்டர் போலவே இருக்கும். ஆனால் மஞ்சளும் கறுப்பும் இடம் மாறி இருக்கும்: பிராசஸர் கனெக்டரில் கொக்கி உள்ள பக்கம் 12 வோல்ட், கிராபிக்ஸ் கனெக்டரில் கொக்கிப் பக்கம் கிரவுண்ட். ஓட்டைகளின் வடிவம் வேறாக இருப்பதால் சாதாரணமாக உள்ளே இறங்காது. அழுத்தி இறக்கிவிட்டால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் நேரடியாகச் சேர்ந்து ஷார்ட். நல்ல எஸ்எம்பிஎஸ் உடனே கட் ஆகித் தப்பிக்கும். மட்டமானதாக இருந்தால் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். எந்தக் கனெக்டரானாலும் கட்டைவிரலின் சாதாரண அழுத்தத்துக்கு இறங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டுப் பெயரைப் படியுங்கள்.

போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டர் உங்களுடையது 20+4 என்று படத்தில் தெரிகிறது. நல்லது. வெறும் 20 பின் மட்டும் உள்ள இன்னும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. 20 பின்னை 24 பின் சாக்கெட்டில் செருகலாம், கம்ப்யூட்டர் ஆனும் ஆகலாம். ஆனால் 20 பின்னில் 12 வோல்ட்டுக்கு ஒரே ஒரு மஞ்சள் வயர்தான். கிராபிக்ஸ் கார்டு தன் ஸ்லாட் வழியாக மட்டும் 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஃபேன்களும் அதே ஒற்றை வயரில்தான் தொங்குகின்றன. பழுப்பேறி உருகிப்போன 20 பின் கனெக்டர்கள் சர்வீஸ் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

சரி, இப்போது லேபிள். நீங்கள் அனுப்பிய படத்தில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: 3.3 வோல்ட் 16 ஆம்பியர், 5 வோல்ட் 20 ஆம்பியர், 12 வோல்ட் 15 ஆம்பியர், மைனஸ் 12 வோல்ட் 0.5 ஆம்பியர், ஸ்டாண்ட்பை 5 வோல்ட் 2 ஆம்பியர். ஒவ்வொன்றையும் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். 53, 100, 180, 6, 10. மொத்தம் 349 வாட். அவர்களே அச்சடித்த கணக்குப்படி கூட 450 வரவில்லை! அந்த 349-ஐயும் முழுசாக ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. 3.3-ம் 5-ம் உள்ளே ஒரே டிரான்ஸ்ஃபார்மர் சுற்றைப் பகிர்வதால், இரண்டுக்கும் சேர்த்துத் தனியாக ஒரு வரம்பு இருக்கும். ஒழுங்கான தயாரிப்பாளர்கள் அதையும் லேபிளில் எழுதுவார்கள். உங்களுடையதில் அந்த வரியே இல்லை.

உங்களுக்குப் பயன்படும் எண் 15 ஆம்பியர் மட்டும்தான், அதாவது 180 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ஃபேன், ஹார்ட் டிஸ்க் மோட்டார் என்று பசி உள்ள எல்லாமே 12 வோல்ட்டில்தான் சாப்பிடுகின்றன. முன்பு அப்படி இல்லை. 1995-ல் ஏடிஎக்ஸ் (கேபினெட், போர்டு, எஸ்எம்பிஎஸ்ஸுக்கான பொது விதி) வந்தபோது பிராசஸருக்கான மின்சாரம் 5 அல்லது 3.3 வோல்ட் வயரிலிருந்துதான் போனது. பென்டியம் 3 காலம் வரை அது போதுமாக இருந்தது. பிராசஸர் 50, 60 வாட்டைத் தாண்டத் தொடங்கியதும் 5 வோல்ட்டில் அதை அனுப்புவது கஷ்டமாயிற்று. 100 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்ப 20 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் எட்டரைக்குள் முடியும். வயரில் சூடாக வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை. 2000-ல் பென்டியம் 4 வந்தபோது அந்த 4 பின் மஞ்சள்-கறுப்பு கனெக்டரும் கூடவே வந்தது. 2003-ல் 24 பின் வந்தது, எஸ்எம்பிஎஸ்ஸின் பலமும் 12 வோல்ட் பக்கம் சாய்ந்தது. விலை குறைந்த எஸ்எம்பிஎஸ் பலவற்றில் கனெக்டரை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு, உள்ளே பழைய 5 வோல்ட் கால டிசைனையே நெடுநாள் ஓட்டினார்கள். உங்கள் லேபிளில் 5 வோல்ட்டுக்கு 20 ஆம்பியரும் 12-க்கு 15-ம் இருப்பதைப் பார்த்தால் அதுவும் அந்தக் குடும்பம்தான். 450 வாட் என்று உண்மையாகவே சொல்லும் இன்றைய எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் மட்டும் 36 ஆம்பியர் அளவில் இருக்கும்.

உங்கள் புது மெஷினின் தேவை என்ன? பிராசஸர் பக்கம் 130 வாட். பழைய ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது சில நொடிகள் 2 ஆம்பியர், அதாவது 24 வாட். ஃபேன்களுக்கு ஒரு 6 வாட். எல்லாம் ஒரே சமயத்தில் உச்சத்தில் நின்றால் 160 வாட், 13 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். காகிதத்தில் 15-க்குள் அடங்கிவிட்டது. உங்கள் மருமகன் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் "ஓடும்" என்று சொல்லியிருந்தால் பாராட்ட வேண்டிய பையன்தான். ஆனால் அந்த 15 ஆம்பியர் புதுசாக இருந்தபோது எழுதிய எண். அதுவும் எந்த வெப்பநிலையில் அளந்தது என்று லேபிளில் சொல்லாத எண்.

இன்னொரு சிக்கல் லேபிளில் தெரியாது. இந்த மாதிரி பழைய டிசைன்களில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள். உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு சர்க்யூட் இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஒரு சராசரிக்குத்தான் சரிசெய்யும், தனித்தனியாக அல்ல. உங்கள் பழைய ஜி41 மெஷினில் இரண்டு பக்கமும் ஓரளவு லோடு இருந்ததால் பிரச்சினை தெரியவில்லை. புது மெஷினில் 12 வோல்ட் பக்கம் 11, 12 ஆம்பியர் ஓடும். 5 வோல்ட் பக்கமோ சில யூஎஸ்பி, ஒரு ஹார்ட் டிஸ்க் சர்க்யூட், அவ்வளவுதான். எம்.2 எஸ்எஸ்டி 3.3 வோல்ட்டில் ஓடுவது. இப்படி ஒரு பக்கம் கனத்து மறுபக்கம் காலியாக இருந்தால் 12 வோல்ட் கீழே இறங்கும், 5 வோல்ட் மேலே ஏறும். உங்கள் எஸ்எம்பிஎஸ் காலத்து ஏடிஎக்ஸ் விதிப்படி இரண்டுமே கூடவோ குறையவோ 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்: 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே, 5 வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே. 12 கொஞ்சம் இறங்கினால் பிராசஸருக்குப் பெரிதாகத் தெரியாது, விஆர்எம் சமாளித்துக்கொள்ளும். 5 வோல்ட் ஏறினால் நேரடியாக அடி வாங்குவது உங்கள் ஹார்ட் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டும், யூஎஸ்பியில் மாட்டும் கார்டு ரீடரும், வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவும். ஸ்டுடியோ நடத்துபவருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இப்போதைய நல்ல எஸ்எம்பிஎஸ்களில் முதலில் 12 வோல்ட்டை மட்டும் உருவாக்கி, அதிலிருந்து சின்னச் சின்ன கன்வெர்ட்டர்கள் மூலம் 5-ஐயும் 3.3-ஐயும் எடுக்கிறார்கள். டிசி டு டிசி என்று பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான். ஒரு பக்கத்து லோடு மறுபக்கத்தை அவ்வளவாக இழுக்காது. அதோடு, சும்மா இருக்கும்போதும் பழைய எஸ்எம்பிஎஸ் தடுமாறுவது உண்டு. 2013-ல் இன்டெல் ஹாஸ்வெல் பிராசஸர் கொண்டுவந்த ஆழ்ந்த உறக்க நிலைகளில் பிராசஸருக்கான 12 வோல்ட் லைனில் லோடு 0.05 ஆம்பியர் வரை விழலாம் என்றானது. அதற்கு முன்னால் வடிவமைத்த பல எஸ்எம்பிஎஸ்களுக்கு இவ்வளவு குறைந்த லோடு பழக்கமில்லை. வேலை செய்துகொண்டிருக்கும்போது நன்றாக ஓடும் மெஷின், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அணைந்துகிடக்கும் அல்லது தூக்கத்திலிருந்து எழாது. பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் திரை) சி6, சி7 என்ற அந்த உறக்க நிலைகளை அணைத்தால் இது தீரும். ஏஎம்டியின் ரைசன் பிராசஸருக்கான போர்டுகளின் பயாஸில் இதற்கென்றே "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்" என்று ஒரு வரி உண்டு, அதில் "டிப்பிகல் கரண்ட் ஐடில்" வைக்க வேண்டும். பழைய, ஆனால் தரமான எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும் குறிப்பு. உங்களுக்கு அல்ல.

ஏன் உங்களுக்கு அல்ல என்பதற்கு வயதைப் பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் முதலில் கெடுவது எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். உள்ளே இருக்கும் திரவம் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல உலரும். 105 டிகிரிக்கு 2000 மணி நேரம் என்று ரேட்டிங் உள்ள ஒரு கெபாசிட்டரை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. 65 டிகிரியில் ஓடினால் 32,000 மணி நேரம். தினம் பத்து மணி நேரம், வருஷத்துக்கு முந்நூறு நாள் கடை திறந்தால் கிட்டத்தட்ட பத்தரை வருஷம். 2011-லிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் 105 டிகிரி கெபாசிட்டர் போட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு. விலை குறைந்ததில் 85 டிகிரி சரக்கும் இருக்கும். புதுக்கோட்டை சித்திரை வெயிலில் தூசி அடைத்த கேபினெட்டுக்குள் 65 டிகிரிதான் இருக்கும் என்றும் நான் சத்தியம் செய்ய மாட்டேன். இரவில் பிளக் சுவிட்சை அணைக்காமல் விடுபவராக இருந்தால் இன்னொன்றும் உண்டு: ஸ்டாண்ட்பை 5 வோல்ட் பகுதி மட்டும் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய மலிவு எஸ்எம்பிஎஸ்களில் அந்தப் பகுதியின் கெபாசிட்டர் போனால் ஸ்டாண்ட்பை வோல்டேஜ் எகிறி, அணைந்திருக்கும் போர்டையே கொன்றுவிடும்.

உங்கள் எஸ்எம்பிஎஸ் உலர்ந்துவிட்டது என்பதற்கு நீங்களே ஒரு அடையாளம் எழுதியிருக்கிறீர்கள். கரண்ட் போனால் யூபிஎஸ் இருந்தும் ரீஸ்டார்ட். கரண்ட் போனதும் யூபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லி செகண்டுகள் ஆகும், சாதாரணமாகப் பத்துக்குள். அந்த இடைவெளியில் எஸ்எம்பிஎஸ்ஸின் முன்பகுதியில் உள்ள பெரிய கெபாசிட்டர் சேமித்து வைத்ததைக் கொண்டு ஓட்ட வேண்டும். முழு லோடில் 16 மில்லி செகண்டாவது தாங்க வேண்டும் என்பது அந்தக் காலத்து ஏடிஎக்ஸ் எதிர்பார்ப்பு. உங்களுடையது தாங்குவதில்லை. யூபிஎஸ் பேட்டரி சரியாக இருக்கிறது என்றால், அதாவது மாறிய பிறகு மானிட்டரும் மற்றதும் அணையாமல் நிற்கிறது என்றால், குற்றவாளி எஸ்எம்பிஎஸ்தான். 65 வாட் பிராசஸரோடு இருக்கும் இப்போதைய மெஷினுக்கே தாங்காதது, 117 வாட் இழுக்கும் புதியதற்கு எப்படித் தாங்கும்?

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் தெரியாதா என்று மருமகன் கேட்பார். பார்க்கலாம், பாதி தெரியும். ஹார்ட் டிஸ்க்குக்கு வரும் பெரிய 4 பின் கனெக்டரில் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை மஞ்சளிலும் வைத்து, கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். பச்சை வயரையும் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். லோடு இல்லாமல் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. லோடில் அளந்து 12.1 என்று வந்தால் கூட நிம்மதி அடைய முடியாது. மீட்டர் காட்டுவது சராசரியை. கெபாசிட்டர் உலர்ந்தால் வருவது அந்த 12 வோல்ட்டின் மேல் ஏறும் அலை, அதாவது ரிப்பிள். 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து உப்பிய கெபாசிட்டரைப் பார்க்கிறேன் என்று மட்டும் இறங்க வேண்டாம். 230 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது 325 வோல்ட் அளவுக்குப் போகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும்.

எல்லாப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸும் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏழு, எட்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய, தெரிந்த கம்பெனியின் 550 வாட், லேபிளில் 12 வோல்ட் 40 ஆம்பியருக்கு மேல், வாரண்டி காலம் இன்னும் முடியவில்லை என்றால் புது போர்டில் தாராளமாக மாட்டுங்கள் என்றே சொல்வேன். கேபினெட்டோடு இலவசமாக வரும் புது எஸ்எம்பிஎஸ்ஸைவிட அது எவ்வளவோ மேல். பின்பக்கம் பாருங்கள்: 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் ஆக்டிவ் பிஎஃப்சி (மெயின்ஸிலிருந்து மின்சாரத்தைச் சீராக எடுக்கும் சர்க்யூட்) இல்லாத பழைய டிசைன். உங்களுடையதில் அது இருக்கிறது.

பெரிய கம்பெனிகளின் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை செகண்ட் ஹேண்டில் வாங்கி, அதிலிருந்து எஸ்எம்பிஎஸ் எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். 1990-களின் கடைசியில் டெல் மெஷின்களில் பார்ப்பதற்கு அச்சு அசல் ஏடிஎக்ஸ் கனெக்டராகவே இருக்கும், உள்ளே வயர் வரிசை வேறு. தெரியாமல் சாதாரண போர்டில் மாட்டியவர்களின் போர்டு எரிந்தது. இப்போதைய ஆபீஸ் மெஷின்களில் 6, 8, 14 பின் என்று கனெக்டரே வேறாக இருப்பதால் அந்த ஆபத்து குறைவு. அதே தவறு இப்போது வேறு உருவத்தில் நடக்கிறது: கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு கம்பெனி கேபிளை இன்னொரு கம்பெனிப் பெட்டியில் செருகுவது. போர்டு பக்கம் உள்ள முனைக்குத்தான் பொது விதி. எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குக் கிடையாது.

எதை வாங்கலாம்? கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே ஓட்டப் போகிறீர்கள் என்றால் 450 வாட் போதும், ஐ5-12400-ல் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. (பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால் கிடையாது. பில்லை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.) பின்னால் ஆர்டிஎக்ஸ் 3060 மாதிரி 170 வாட் கார்டு போடும் எண்ணம் இருந்தால் இப்போதே 550 வாட்டாக வாங்குங்கள். என்விடியாவே அந்தக் கார்டுக்கு 550 என்றுதான் சொல்கிறது. இந்த வகைக் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் தங்கள் அளவைத் தாண்டி இழுத்துவிட்டு இறங்கும், அதற்கு இடம் வேண்டும். ஆல்பம் வேலைக்கும் சின்ன வீடியோ எடிட்டிங்குக்கும் ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வகை போதும் என்பது என் எண்ணம். 70 வாட்தான், தனிக் கனெக்டர் கூட வேண்டாம், ஸ்லாட்டிலேயே ஓடும். லேபிளில் 12 வோல்ட் ஆம்பியரைப் பாருங்கள், பிராசஸருக்கு 4+4 பின் இருக்கிறதா பாருங்கள், ஐந்து வருஷ வாரண்டி கேளுங்கள். 80 பிளஸ் பிரான்ஸ் என்பது எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் வருகிறது என்பதற்கான சான்று. பாதி லோடில் 85 சதவீதம். தரத்துக்கு அது முழு உத்தரவாதம் அல்ல, ஆனால் பொய் வாட் போடும் கூட்டத்தை வடிகட்டிவிடும். ஏடிஎக்ஸ் 3.1, 12 வோல்ட் 2x6 கனெக்டர் என்றெல்லாம் சொல்லி 850 வாட்டை யாராவது தள்ளினால் சிரித்துவிட்டு நகருங்கள். அவை பெரிய கார்டுகளுக்கு.

உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்குப் புது எஸ்எம்பிஎஸ்ஸிலேயே சாட்டா கனெக்டர் இருக்கும். பெரிய 4 பின்னிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வயர் கடையில் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அதில் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்துச் செய்த வகை உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் நிறைய. அந்த டிஸ்க்குக்கும் வயதாகிவிட்டது என்பதால், புது மெஷினில் மாட்டியதும் முதல் வேலையாகக் கல்யாண ஆல்பங்களை வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள்.

யூபிஎஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒரு மாதம் கழித்து இன்னொரு கடிதம் வரும். புது எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் ஆக்டிவ் பிஎஃப்சி கொண்டதாக இருக்கும். விலை குறைந்த யூபிஎஸ்களும் பழைய இன்வெர்ட்டர்களும் பேட்டரியில் ஓடும்போது சைன் வேவ் தருவதில்லை, சதுர அலை மாதிரி ஒன்றைத் தரும். சில எஸ்எம்பிஎஸ்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது, லோடு அதிகம் உள்ளபோது கட் ஆகும். சாதாரண 600 விஏ யூபிஎஸ் தருவது 360 வாட் அளவுதான். கிராபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் மெஷினுக்கும் மானிட்டருக்கும் அது போதும். 170 வாட் கார்டும் சேர்ந்தால் நெருக்கிவிடும். வாங்கியதும் ஒரு பெரிய ஆல்பத்தை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு, நடுவில் யூபிஎஸ்ஸுக்குக் கரண்ட் வரும் பிளக் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். அணைந்தால் கடையில் மாற்றிக் கேட்க வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸா, மாற்ற வேண்டியது யூபிஎஸ்ஸா என்று அப்போதே முடிவு செய்யலாம். கடை இன்வெர்ட்டரில் ஓடுகிறது என்றால் அதில் உள்ள மோடு சுவிட்ச் "யூபிஎஸ்" பக்கம் இருக்க வேண்டும். மற்றப் பக்கத்தில் மாறும் நேரம் அதிகம்.

முகூர்த்த சீசன் வேலை கையில் இருக்கும் என்று நினைக்கிறேன். புது எஸ்எம்பிஎஸ் வரும்வரை பழைய மெஷினைக் கழற்ற வேண்டாம், அது பழைய பெட்டியோடு இன்னும் சில நாள் ஓடட்டும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஆகும் செலவு நீங்கள் ஏற்கெனவே வாங்கிய போர்டு, பிராசஸர், ரேமின் மொத்த விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

கடைசியாக அந்த ஷாக். அதற்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் வயதுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை, புதியது மாட்டினாலும் அடிக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட, லைனுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சின்ன கெபாசிட்டர், நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவே இன்னொன்று இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அதில் கசியும் சிறு மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லை என்றால் கேபினெட் முழுவதும் மெயின்ஸில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு நிற்கிறது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் நிஜமாகவே ஒரு லைன் வயர் பாடியில் பட்டால் அப்போது காப்பாற்ற எர்த் இருக்காது. கேமராவையும் கார்டு ரீடரையும் யூஎஸ்பியில் செருகும் நொடியில் அந்த மிதக்கும் வோல்டேஜ் அவற்றின் வழியாக இறங்கப் பார்க்கும். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, பிளக் பாயின்டின் மேல் ஓட்டையில் எர்த் வயர் இருக்கிறதா, அது எர்த் குழி வரை போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். யூபிஎஸ்ஸின் வயரில் எர்த் பின் உடைந்திருக்கிறதா, நடுவில் இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எங்கேயாவது புகுந்திருக்கிறதா என்பதையும் அவர் வரும்போதே பார்த்துவிடலாம். இந்த வேலையைப் புது எஸ்எம்பிஎஸ் மாட்டுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.